ஊழியர் ஒருவரின் கவனக்குறைவு

திண்டிவனம்
1.8.1997, வெள்ளி

ஞானராஜ் அண்ணனுக்கு,

இதைப் படித்தவுடன் பஸ் ஏறி வந்துவிடாதே. உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது, அழுகைதான் வரும். போனும் பண்ணாதே. எதிர்ச்சாரி டெலிபோன் பூத்தில் நின்றுகொண்டு நான் உன்னோடு சண்டை போட்டால் இந்தத் தெருவே வேலையை விட்டுவிட்டுக் காது கொடுக்கும். அதனால்தான் பிரின்சியின் பள்ளிக்கூடக் கணக்கு நோட்டில் நாலு தாள் கிழித்து எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு உங்கள் பால் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்த அன்று நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "நான் விழுப்புரத்துல ஹெட் ஆபீஸ்ல பி.ஆர்.ஓ., மாப்பிள்ளை திண்டிவனம் பிளான்ட்ல ஆபரேட்டர். ஒரே கம்பெனி, ஒரே குடும்பம்" என்றாய். பெரிய வாய்தான் உனக்கு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பால் ஊற்றும் பெண்கள் வரிசையில் நிற்கும்போது மிஷின் ரூமில் பாலைக் குளிரவைக்கும் அமோனியா வாயு பிடுங்கிக்கொண்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை, மூச்சு விட முடியவில்லை. கேனைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். எல்லாரும் வெளியே ஓட, என் வீட்டுக்காரர் மல்லாட்டைச் சாக்கை நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினார். வால்வை மூடிவிட்டுத்தான் விழுந்தார். வலது கை தோல் உரிந்துபோய்க் கிடக்கிறது. இருபத்து மூன்று பேர் ஆஸ்பத்திரியில். பால் ஊற்ற வந்த கோவிந்தம்மாளின் கன்றுக்குட்டி அங்கேயே செத்தது. அவளுக்கு ஒரு கண் இன்னும் திறக்கவில்லை.

மறுநாள் காலை வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் பேப்பரைச் சத்தம் போட்டுப் படித்தார். 'ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் ஏற்பட்ட சிறு கசிவு உடனடியாக நிறுத்தப்பட்டது. சம்பந்தப்பட்ட ஊழியர் மீது நிர்வாகம் உரிய நடவடிக்கை எடுத்துள்ளது.' அந்தச் சம்பந்தப்பட்ட ஊழியர் மூக்கில் குழாயோடு கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கோவிந்தம்மாள் மகன் வந்து கால்மாட்டில் நின்றான். "ஏன்யா, நீ ஒழுங்கா இருந்திருந்தா எங்கம்மா கண்ணு போயிருக்குமா?" என்றான். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் சஸ்பென்ஷன் ஆர்டரும் வார்டுக்கே வந்தது.

சப்-கலெக்டர் விசாரணை செப்டம்பர் இரண்டாம் தேதியாம். போலீஸ்காரர் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்: "கம்பெனியே ஆபரேட்டர் தப்புன்னு எழுதிக் குடுத்துடுச்சேம்மா. அப்புறம் நாங்க எங்க போயி தேடறது?" அந்த வரி அப்படியே நின்றால் அவர் மேல் கேஸ். ஜெயில்.

அதை எழுதியவன் நீதான். 'உரிய நடவடிக்கை' என்று உன்னைப் போல வழவழவென்று வேறு யாருக்கும் எழுத வராது. பேர் தெரிந்து எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா? அதை மட்டும் சொல்.

சின்னப்பன் மனைவி,
அமலோற்பவமேரி

*

விழுப்புரம்
4.8.1997

அன்புத் தங்கை அமலாவுக்கு,

தெரியாமல்தான் எழுதினேன். ஆனால் அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் தெரிந்துகொள்ளக் கூடாது என்றே இருந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆறே முக்காலுக்கு பிளான்டிலிருந்து போன் வந்தது. எட்டரை மணிக்குள் நிருபர்களின் கையில் நம் செய்தி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் பேப்பர் ஆபீஸுக்கு அனுப்பும் கவர் பஸ் ஏறிப் போய்விடும், மறுநாள் பேப்பரில் மற்றவர்கள் சொன்னது மட்டும்தான் இருக்கும். எம்.டி. பக்கத்தில் நின்றார். "ஆபரேட்டர் மிஸ்டேக்னு போட்டுருங்க ஞானராஜ், ஜல்தி" என்றார். நான் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

எனக்குப் பத்து வருடமாக ஒரு பழக்கம் உண்டு. கெட்ட செய்திக்கு அறிக்கை எழுதும்போது யார் செய்தது என்று பெயர் கேட்க மாட்டேன். பெயர் தெரிந்திருந்தால் நிருபர்கள் எப்படியாவது வாயைக் கிளறி வாங்கிவிடுவார்கள். தெரியாதவனிடம் கிளற என்ன இருக்கிறது? 'ஊழியர் ஒருவர்' என்று போட்டால் கம்பெனியும் தப்பிக்கும், எவனுக்கும் வலிக்காது என்று நம்பினேன். போன வருடம் புதுச்சேரியில் என்னைப் போன்ற பி.ஆர்.ஓ.க்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுத்தேன். இதைத்தான் முதல் பாடமாகச் சொன்னேன். கை தட்டினார்கள், அமலா.

மாப்பிள்ளைக்கு அந்த வாரம் காலை ஷிப்ட் என்றுதான் நினைத்திருந்தேன். யாருக்காகவோ மாற்றிக்கொண்டு சாயங்காலம் நின்றிருக்கிறார். புதன்கிழமை மத்தியானம்தான் எனக்குத் தெரிந்தது. சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை.

சரி, நடந்தது நடந்துவிட்டது. இதைச் சரி செய்யவும் ஒரு வழி இருக்கிறது. கொடுத்த அறிக்கையை நாமே மறுத்தால் அது இரண்டாவது தடவை அச்சில் வரும். அப்படிச் செய்யக் கூடாது. அதற்கு மேல் நல்லதாக ஒன்றை வைக்க வேண்டும். சாக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினார் என்கிறாயே, அதுதான் செய்தி. உயிரைப் பணயம் வைத்த ஊழியர். எம்.டி.யிடம் பேசிவிட்டேன். வியாழக்கிழமை வார்டுக்கு வருகிறார். போட்டோகிராபரும் வருவார். மாப்பிள்ளை கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தால் போதும். மற்றதை என்னிடம் விடு.

உன் அண்ணன்,
ஞானராஜ்

*

திண்டிவனம்
12.8.1997

அண்ணனுக்கு,

உன்னிடம் விட்டேன். நன்றாகத்தான் செய்தாய்!

உன் எம்.டி. வந்தார். ஒரு தட்டு ஆப்பிள், மேலே மஞ்சள் கண்ணாடித் தாள். இவர் கட்டுப் போட்ட கையை நீட்டச் சொல்லித் தட்டை அதன்மேல் வைத்தார்கள். "இன்னொரு வாட்டி, இப்படிப் பாருங்க" என்றான் போட்டோக்காரன். மூன்று வாட்டி வைத்து வைத்து எடுத்தார்கள். மறுநாள் பேப்பரில் போட்டோவுக்குக் கீழே என்ன இருந்தது? 'விபத்துக்குக் காரணமான ஊழியரையும் மனிதாபிமானத்துடன் நேரில் சந்தித்து நலம் விசாரித்தார்.'

முன்பு பேர் இல்லாத ஊழியர். இப்போது முகமும் வந்துவிட்டது. முன்பு எங்கள் தெருவுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது கூட்டேரிப்பட்டு டீக்கடை வரைக்கும் தெரியும். "அது நான் எழுதல, எம்.டி. மாத்திட்டாரு" என்பாய். எனக்குத் தெரியும். அந்த ஆப்பிளில் ஒன்றைக்கூட நாங்கள் தொடவில்லை. வார்டு ஆயாவிடம் கொடுத்துவிட்டேன். பிரின்சி பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்கிறாள். என்னடி என்றால், "போட்டோவுல அப்பா சிரிக்கிறாரும்மா" என்கிறாள். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான் என்று அந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். எங்கள் தெரு ஜெசிக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கிறது. சாமியார் இரண்டாம் ஓலை வாசித்தார். இன்னார் மகள், இன்ன ஊர், இன்னார் மகனோடு திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. சின்ன வயதிலிருந்து கேட்கிறோம், காதில் விழுந்ததே இல்லை. அன்றைக்கு விழுந்தது. ஒரு பெண்ணுக்கும் பையனுக்கும் தாலி கட்டுவதற்கே மூன்று ஞாயிறு எல்லார் எதிரிலும் பேரைச் சொல்லி வாசித்துத் தடை கேட்கிறார்கள். நீ ஒரு மனுஷனைக் குற்றவாளி ஆக்கினாய். இரண்டு மணி நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, பேர் சொல்லாமல். தடை சொல்ல யாருக்காவது இடம் கொடுத்தாயா? அமோனியா குடித்தவர்களில் ஒருத்தரையாவது கேட்டாயா? வால்வு கசிகிறது என்று அவர் லாக் புக்கில் எழுதி எழுதிக் கை ஓய்ந்தார். அதையாவது திறந்து பார்த்தாயா?

இனிமேல் எங்களுக்கு நல்லது ஒன்றும் செய்யாதே. உன் நல்லதைத் தாங்க இந்த வீட்டில் யாருக்கும் தெம்பு இல்லை.

அமலோற்பவமேரி

*

விழுப்புரம்
18.8.1997

அமலா,

படம் போட்டதில் என் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். போட்டோகிராபரை அனுப்பியவன் நான். கீழே எழுதுவதை மட்டும் அவர்கள் எழுதினார்கள்.

சனிக்கிழமை பிளான்டுக்குப் போனேன். நீ இருக்கும் தெருப்பக்கம் வரவில்லை, பயப்படாதே. லாக் புக்கை எடுத்துப் பார்த்தேன். ஜூன் பதினொன்று, ஜூலை இரண்டு, ஜூலை இருபது. மூன்று இடத்திலும் மாப்பிள்ளையின் கோழிக்கிறுக்கல் எழுத்து: 'வால்வு கசிகிறது. பேக்கிங் வளையம் மாற்றவும்.' மூன்றுக்கும் கீழே சூப்பர்வைசர் கோதண்டபாணியின் கையெழுத்து. மாற்றவில்லை. அன்று சாயங்காலம் ஒரே ஒரு போன் போட்டு "லாக் புக்கில் என்ன இருக்கிறது, படிங்க" என்று கேட்டிருந்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைத்தான் சாமர்த்தியம் என்று ஊருக்குப் பாடம் நடத்தினேன்.

நோட்டை எம்.டி. மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் படித்துவிட்டு மூடினார். "இது வெளியே போச்சுன்னா ஒருத்தி பால் ஊத்த மாட்டா. நீங்க எந்தப் பக்கம் ஞானராஜ்?" என்றார். கெட்டவர் இல்லை அவர். பயந்தவர். நானும்தான். ஜெனித்தை இந்த வருடம்தான் காலேஜில் சேர்த்திருக்கிறேன். அப்படியே எழுந்து வந்துவிட்டேன்.

நீ ஓலையைப் பற்றி எழுதியதிலிருந்து தூக்கம் சரியில்லை. நேற்று உட்கார்ந்து ஒரு புது அறிக்கை எழுதினேன். பேப்பருக்குக் கொடுத்தால் எம்.டி. ஒரு போனில் நிறுத்திவிடுவார். அதனால் வேறு மாதிரி செய்யப் போகிறேன். பிளான்ட் மூடியிருப்பதால் இப்போது ரேஷன் கடை வாசலில்தானே லாரி வந்து பால் எடுக்கிறது? புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாள் காலையும் அங்கே நின்று வாசிக்கப் போகிறேன். வாசித்துவிட்டுத் தடை கேட்பேன். சொல்கிறபடி திருத்துவேன். மூன்றாம் நாள் எது மிஞ்சுகிறதோ அதை என் கையெழுத்தோடு சப்-கலெக்டரிடம் கொடுப்பேன்.

கேட்க நாடகம் மாதிரி இருக்கிறது, எனக்கே தெரிகிறது. எத்தனையோ மைக்கில் பேசியிருக்கிறேன். அடிபட்டவர்கள் எதிரில் நின்று ஒரு வரிகூட நான் வாசித்தது கிடையாது. நீ வராதே.

ஞானராஜ்

*

திண்டிவனம்
21.8.1997

அண்ணே,

வராதே என்றால் வராமல் இருப்பேனா? இரண்டு நாளும் தூக்குவாளியோடு வரிசைக் கடைசியில் நின்றேன். எங்களிடம் மாடே இல்லை, தெரியுமா? எனக்கு முன்னால் நின்ற குப்பம்மாள் பார்த்துச் சிரித்தாள்.

முதல் நாள் நீ ரேடியோ செய்தி மாதிரி வாசித்தாய். 'இயந்திரப் பராமரிப்பில் ஏற்பட்ட குறைபாடு' என்றால் யாருக்குப் புரியும்? "வால்வு கெட்டுக் கெடந்துச்சு, மாத்தல" என்று சொல்லேன். ஆனாலும் காகிதத்தைப் பிடித்த கை நடுங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். அதனால்தான் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

கோவிந்தம்மாள் கண் கட்டோடு முன்னால் வந்தாளே, அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். "சிறு கசிவுன்னு படிச்சியே, அது எவ்ளோ சிறுசு? எங்கன்னுக்குட்டி அளவா, எங்கண்ணு அளவா?" என்று கேட்டாள். நீ அவள் பால் கேன் மூடிமேலேயே காகிதத்தை வைத்து அந்தச் 'சிறு'வை அடித்தாய். அது எனக்குப் பிடித்தது. இன்றைக்குக் குப்பம்மாள் கேட்டாளே, "நிர்வாகம் வருந்துகிறதுன்னா யாரு வருந்துறது? அந்தக் கட்டடமா?" என்று. வரிசையே சிரித்தது, நீயும் சிரித்துவிட்டாய். பிறகு 'நான் வருந்துகிறேன்' என்று எழுதிக் கீழே உன் பேரைப் போட்டாய்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாதே. லாரி கிளம்பியும் ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. "அப்ப சின்னப்பன் மூணு வாட்டி எழுதிக் குடுத்துக்கிறாரு, இவனுங்க கண்டுக்கவே இல்லியா?" என்று கோவிந்தம்மாள் மகன்தான் முதலில் கேட்டான். மூன்று வாரம் கழித்து என் புருஷன் பேரை ஒருவர் வாயில் மரியாதையோடு கேட்டேன். வீட்டுக்கு ஓடிவந்து அவரிடம் சொன்னேன். 'சின்னப்பன் மீது எந்தத் தவறும் இல்லை' என்று அண்ணன் கடைசி வரியில் வாசிக்குது, நாளையோடு முடிந்தது என்றேன்.

சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் சுண்டிப்போய்விட்டது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். திங்கட்கிழமை டிஸ்சார்ஜ் ஆனதிலிருந்து கொஞ்சம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அதுவும் போயிற்று. என்னவென்று கேட்டால் கை வலி என்கிறார். கை வலியில்லை அது. எனக்குத் தெரியாதா அவரை?

நாளைக்குக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாக வாசி.

அமலா

*

விழுப்புரம்
24.8.1997, ஞாயிறு

அமலா,

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டவுடன் "ஐயோ, இன்னா பேசற நீ!" என்று கத்திவிட்டு வாளியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாய். அதன்பின் நடந்ததை அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்ல வேண்டும்.

கடைசி வரியை வாசித்துத் தடை கேட்டேன். முடிந்தது என்று காகிதத்தை மடித்தேன். அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்ற மாப்பிள்ளை கட்டுப் போட்ட கையைத் தூக்கினார். "தடை இருக்குது மச்சான். அன்னிக்கு வால்வு புடுங்கிக்கும்போது நான் மிஷின் ரூம்ல இல்ல. பத்து நிமிஷம் வெளியே போய்க்கினேன். அதையும் எழுது." இதுவரை நீ கேட்டாய்.

கோவிந்தம்மாள் மட்டும் "எங்க போன?" என்றாள். அவர் "போனேன், அவ்ளோதான்" என்றார். லாரி போனபின் ரேஷன் கடைக்குப் பின்னால் அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். பிடிவாதமாகக் கேட்ட பிறகு சொன்னார்.

அன்று ஆறு மணிக்குமேல் அழுத்தமானியில் முள் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. கோதண்டபாணி வீட்டுக்குப் போய்விட்டார், எல்லாம் நடந்த பிறகுதான் திரும்பி வந்து எங்களுக்குப் போன் போட்டிருக்கிறார். ஆபீஸ் அறையைப் பூட்டிவிட்டதால் உள்ளே இருக்கும் போனைத் தொட முடியவில்லை. ஹைவே பூத்துக்கு ஓடி எனக்குப் போன் போட்டிருக்கிறார். "மச்சான் சொன்னா ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்கன்னு போட்டேன்" என்றார். "சார் மீட்டிங்கில் இருக்கிறார்" என்று பதில் வந்ததாம். திரும்பி ஓடி வருவதற்குள் பிடுங்கிக்கொண்டது.

அமலா, அன்று மீட்டிங் எதுவும் இல்லை. நான் என் மேசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் மீட்டிங் என்று சொல்லிவிடச் சொல்லி டெலிபோன் போர்டில் இருக்கும் பெண்ணிடம் நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். வேலை கேட்பார்கள், சிபாரிசு கேட்பார்கள், பேஜாரு என்று. ஊரில் இருப்பவர்களோடு கம்பெனிக்குத் தொடர்பு உண்டாக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த ஊரிலிருந்து வந்த போனை எடுக்காதவனும் நானே.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா உன்னையும் கேப்பாங்க. உனக்கு எதுக்கு அசிங்கம்?" என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அந்தப் பேப்பரை அவர்கள் சத்தம் போட்டுப் படிக்கும்போதும், என்னைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பால் டெஸ்ட் பார்க்கும் நடராசன் பார்த்துவிட்டுப் போனான். பார்க்கட்டும்.

நேற்று எனக்கு வேலை போய்விட்டது. எதிர்பார்த்ததுதான். உன் அண்ணி பேசாமல் இருக்கிறாள், இன்னும் திட்டவில்லை.

அறிக்கையைத் திருத்தி எழுதிவிட்டேன். வால்வு இருக்கிறது, லாக் புக் இருக்கிறது, நான் எடுக்காத போன் இருக்கிறது. 'சின்னப்பன் மீது எந்தத் தவறும் இல்லை' என்ற வரியை எடுத்துவிட்டு, 'அவர் பத்து நிமிடம் இடத்தில் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். ஆனால் கை கூசுகிறது. வக்கீலிடம் கேட்டேன். அந்தப் பத்து நிமிடத்தைப் பிடித்துக்கொண்டே கேஸ் போட முடியும் என்கிறார். அவரைச் சிக்கலில் மாட்டியவன் நான், மறுபடியும் என் கையாலேயே அதை எழுத வேண்டுமா? நீ அவர் மனைவி. நீக்கு என்றால் நீக்கிவிடுகிறேன், யாரிடமும் சொல்ல மாட்டேன். முப்பதாம் தேதிக்குள் ஒரு கார்டு போடு. கார்டு வராவிட்டால் இருக்கிறபடியே கொடுத்துவிடுவேன்.

ஞானராஜ்

*

திண்டிவனம்
14.9.1997, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

கார்டு வரவில்லை என்று நீ இருக்கிறபடியே கொடுத்தாய். கார்டு ஏன் வரவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மற்றது.

விசாரணை அன்று நீ உன் சாட்சியைச் சொன்னவுடன் அங்கே இருக்க முடியாமல் வெளியே போய்விட்டாய். உள்ளே சப்-கலெக்டர் இவரிடம், "பத்து நிமிஷம் இடத்தை விட்டுப் போனது தப்புதானே?" என்று கேட்டார். இவர் "தப்புதாங்க. ஆளை உக்கார வெச்சிட்டுப் போயிருக்கணும்" என்றார். அதற்கப்புறம் கோவிந்தம்மாளைக் கூப்பிட்டார்கள். "நீங்கதான் அதிகம் பாதிக்கப்பட்டவர். ஆபரேட்டரைப் பற்றி என்ன சொல்றீங்க?" என்றார். அவள் கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள், அந்தக் கண்ணில் மங்கலாகத்தான் தெரிகிறதாம். "ஐயா, தப்பே இல்லேன்னு படிச்சப்ப நான் நம்பல. கம்பெனிக்காரன் மச்சானுக்கு மச்சான் பேசறான்னுதான் நெனச்சேன். இவரே கையைத் தூக்கி நான் பத்து நிமிஷம் இல்லேன்னு சொன்னாரு பாருங்க, அப்பத்தான் அந்த வால்வு கதையையும் நம்புனேன். போனவரு ஓடிடல, திரும்பி வந்து உள்ள பூந்தாரு" என்றாள். பூத்துக்காரனும் வந்து போன் போட்டது நிஜம் என்றான்.

முடிவு நேற்று வந்தது. கேஸ் கம்பெனி மேலும் கோதண்டபாணி மேலும். இவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். பேப்பரிலும் போட்டிருக்கிறான், சின்னப்பன் என்று பேரோடு, பத்து நிமிடத்தோடு. இரண்டு தடவை என்னைப் படிக்கச் சொன்னார். "சரியாத்தான் எழுதிக்கிறான்" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். ஆறு வாரம் கழித்துப் போகிறார்.

நீ அடுத்த சனிக்கிழமை அண்ணியையும் ஜெனித்தையும் கூட்டிக்கொண்டு வா. வேலை இல்லாதவன்தானே, ஞாயிறும் இருந்துவிட்டுப் போகலாம். வல்லம் பக்கம் ஒரு விவசாயிகள் சங்கத்தில் அறிக்கை, நோட்டீஸ் எல்லாம் எழுத ஆள் தேடுகிறார்களாம். சம்பளம் கொஞ்சம்தான். இவர்தான் விசாரித்துக்கொண்டு வந்தார். வரும்போது பேசிக்கொள்ளலாம்.

இப்போது அந்தக் கார்டு. நீ எழுதியதைப் படித்த அன்றே எழுதிவிட்டேன். 'பத்து நிமிடத்தை நீக்கிவிடு. அவரிடம் சொல்லாதே. தங்கை.' அவ்வளவுதான். உன்னை அந்தப் பேச்சுப் பேசியவள் நான், அதை எழுதும்போது என் கை கொஞ்சம்கூடக் கூசவில்லை. அதைப் பெட்டியில் போடச் சொல்லி யாரிடம் கொடுத்தேன் தெரியுமா? பிரின்சி பள்ளிக்கூடம் போய்விட்டாள், எனக்கு அவசரம். நாலாக மடித்து ஒரு கவருக்குள் போட்டு ஒட்டி, அவரிடமே கொடுத்தேன். என் புத்தியைப் பார். மனுஷன் உன் லெட்டரைப் படித்திருந்தாரோ என்னவோ, கவரைப் பிரிக்காமலே தெரிந்துகொண்டார். சாயங்காலம் திரும்ப என் கையில் வைத்தார். கோபமே இல்லை. "நாளைலேர்ந்து மூணு நாளு இத எடுத்துக்கினு போயி பால் ஊத்தற எடத்துல படி அமலா. ஒருத்தரும் தடை சொல்லலேன்னா நானே போஸ்ட் பண்றேன்" என்றார்.

நான் போகவில்லை. ஒரு நாள்கூடப் போகவில்லை. இன்னும் அது அரிசி டின்னுக்குள் கிடக்கிறது. எத்தனையோ தடவை அடுப்பில் போட எடுத்தேன், மனசு வரவில்லை. நீ வா. உனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் எரிக்க வேண்டும்.

உன் தங்கை,
அமலா